முறுக்கைத் தீர்மானிக்கும் கிளைசின்

ஒற்றை நூலில் பின்னிய பனியனைத் துவைத்ததும் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திருகிக்கொள்வது திருப்பூரில் தெரிந்த தொல்லை. நூலுக்குள் அடங்காமல் கிடக்கும் முறுக்குதான் காரணம். இரண்டு இழைகளைச் சேர்த்துத் திரிக்கும்போது முறுக்கை எதிர்த்திசையில் கொடுத்தால் நூல் அடங்கிவிடும்.

நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதமும் இப்படித்தான் திரிந்திருக்கிறது. அதன் சங்கிலி ஒவ்வொன்றும் இடப்பக்கம் சுருள்கிறது. மூன்று சங்கிலிகள் சேர்ந்து வலப்பக்கம் திரிகின்றன. மூன்று சங்கிலி அமைப்பை 1954-இல் 'நேச்சர்' இதழில் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவை ஒன்றையொன்று சுற்றித் திரிவதை அடுத்த ஆண்டு சேர்த்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த பெரிய துப்பு, கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது. மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் இடமே இல்லை. பக்கக்கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவை மட்டும் வைத்திருக்கும் கிளைசின்தான் அங்கே நுழையும். அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடமும் அதற்கு. மற்ற இரண்டில் பெரும்பாலும் புரோலினும் அதன் உறவான ஹைட்ராக்சிபுரோலினும் அமர்கின்றன. ஒரே ஒரு கிளைசின் மாறிப் பெரிய அமிலம் ஒன்று வந்தாலும் திரி குலைகிறது. எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவிநோய்க்கு இது முக்கியக் காரணம்.

வியப்பு என்னவென்றால், இதே கிளைசினும் புரோலினும் வேறொரு சுருளுக்குப் பகை. லைனஸ் பாலிங்கும் தோழர்களும் 1951-இல் விளக்கிய ஆல்ஃபா சுருளில் சுற்றுக்கு 3.6 அமிலங்கள். ஒவ்வொன்றும் நான்கு இடம் தள்ளியிருப்பதோடு ஹைட்ரஜன் பிணைப்பில் கைகோக்கும். அலனினும் லியூசினும் அதில் நன்றாகப் பொருந்தும். புரோலினின் நைட்ரஜன் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால் கொடுக்க ஹைட்ரஜன் இல்லை. கிளைசினோ மிகவும் தளர்வு, ஒரு வடிவத்தில் நிற்காது.

கம்பளி நூல் இழுத்தால் நீள்வது அதன் கெரட்டினில் உள்ள ஆல்ஃபா சுருளால். பட்டில் கிளைசினும் அலனினும் மாறிமாறி வருவதால் சங்கிலிகள் சுருளாமல் தட்டையாக அடுக்குகின்றன. பட்டு அவ்வளவு நீளாது. திருப்பூரின் பருத்தி செல்லுலோஸ், புரதமே அல்ல.

எந்தச் சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்ப முடியும் என்பதை ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வரைபடமாக்கினார்கள். புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவத்தை இன்றும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.