பிரைவசி பாலிசியைக் காப்பியடிக்காதீர்கள்

டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சு இல்லை இது. இன்னொரு டீயும் சொல்லிவிட்டு உட்காருவோம்.

தமிழில் ஒரு சமையல் தளம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2018 பிப்ரவரியில் கூகுள் ஆட்சென்ஸ் தமிழையும் சேர்த்துக்கொண்டதிலிருந்து இப்படிப்பட்ட தளங்களுக்கு விளம்பர வருமானத்துக்கு ஒரு வழி பிறந்தது. அதற்கு விண்ணப்பிக்கப் போனால் தனியுரிமைக் கொள்கை (பிரைவசி பாலிசி) என்றொரு பக்கம் வேண்டும் என்கிறார்கள். பலரும் வேறொரு தளத்தின் ஆங்கிலப் பக்கத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். “நான் யாரிடமும் எதுவும் கேட்பதில்லையே, எனக்கு எதற்கு?” என்ற எண்ணம்தான்.

நீங்கள் கேட்பதில்லை, சரி. வீட்டுச் சுவரை விளம்பரத்துக்கு விடுகிறோம். ஒட்டிய போஸ்டர் தெருவில் போகிறவர்களை அடையாளம் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? இணைய விளம்பரம் அப்படிப்பட்டது. ஒட்டியவர் யாரோ, சுவர் உங்களுடையது. அதனால் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

எழுதும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கணினியில் உங்கள் தளத்தைக் குரோமில் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். ‘நெட்வொர்க்’ பகுதிக்குப் போய்ப் பக்கத்தை ரீலோடு செய்தால், வத்தக்குழம்புப் படம் வந்து இறங்குகிற வரிகளுக்கு நடுவே டபுள்கிளிக் என்ற பெயர் தலைகாட்டும். 2008-இல் கூகுள் வாங்கி முடித்த விளம்பர நிறுவனம் அது. ‘ஐடிஇ’ என்ற அதன் குக்கி, அதாவது அடையாளம் வைத்துக்கொள்ளும் சிறு கோப்பு, வாசகரின் பிரௌசரில் ஐரோப்பாவில் 13 மாதமும் இந்தியாவில் 24 மாதமும் இருக்கலாம் என்று கூகுளே சொல்கிறது. சஃபாரி இத்தகைய வெளியார் குக்கிகளைத் தானாகவே தடுத்துவிடும். குரோம் அப்படிச் செய்வதில்லை. ‘நெட்வொர்க்’ பகுதியில் தெரிகிற வெளி நிறுவனப் பெயர்களை எல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கொள்கையின் முதல் வரைவு அந்தத் தாள்தான்.

இனி எழுதலாம். ஆட்சென்ஸ் கேட்கிற விஷயத்தை இப்படிச் சொன்னால் போதும்: “இந்தத் தளத்தில் கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் விளம்பரம் காட்டுகின்றன. நீங்கள் இங்கேயும் பிற தளங்களிலும் பார்த்தவற்றை வைத்து விளம்பரம் தேர்ந்தெடுக்க அவை குக்கிகளைப் பயன்படுத்துகின்றன. வேண்டாம் என்றால் கூகுளின் விளம்பர அமைப்புகள் பக்கத்தில் இதை நிறுத்திக்கொள்ளலாம்.” அந்தப் பக்கத்துக்கு இணைப்பும் கொடுங்கள். வேறு விளம்பர நிறுவனங்கள் இருந்தால் அவற்றின் பெயரையும், விலகும் வழியையும் சேர்க்க வேண்டும்.

அடுத்து உங்கள் சொந்தக் கணக்கு. வருகையை எண்ண கூகுள் அனலிடிக்ஸ் வைத்திருக்கிறீர்களா? வாராந்திரக் குறிப்பு அனுப்ப மின்னஞ்சல் வாங்குகிறீர்களா? எதை வாங்குகிறீர்கள், எதற்கு, எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், யாரிடம் கொடுப்பீர்கள் என்பதை எழுதுங்கள். “உங்கள் தகவலை யாருடனும் பகிர்வதில்லை” என்ற வரி காப்பியடித்த பக்கங்களில் அடிக்கடி வரும். விளம்பரம் ஓடும் தளத்தில் அது பொய். எனக்கு அந்த ஒரு வரிமேல்தான் உண்மையான கோபம்.

தமிழிலேயே எழுதுங்கள். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும்போது தரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வாசகருக்குத் தரச் சொல்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கும் அதில் தடை உண்டு. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகின. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. குழம்புக் குறிப்பைத் தமிழில் படிக்க வந்தவரிடம் இதை மட்டும் ஏன் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்?

லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற தமிழர்களும் உங்கள் தளத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு இந்தப் பக்கம் மட்டும் போதாது. முதலில் குக்கிகளுக்குச் சம்மதம் கேட்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அதற்குச் சான்று பெற்ற கருவியையே பயன்படுத்தச் சொல்கிறது கூகுள். ஆட்சென்ஸ் கணக்குக்குள்ளேயே ஒன்று இலவசமாக இருக்கிறது. அதை இயக்கினால் போதும்.

இணைப்பை எல்லாப் பக்கங்களின் அடியிலும் வையுங்கள். கடைசியாகத் திருத்திய தேதியைப் போடுங்கள். நீங்கள் தினமும் பார்க்கிற ஒரு மின்னஞ்சல் முகவரியையும். புதிதாக ஒரு விளம்பர நிறுவனத்தைச் சேர்க்கும் நாளில் மறுபடி எஃப்12 அழுத்திப் பார்த்துவிட்டு, அன்றே அந்தப் பெயரையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.