புள்ளிக்குப் புள்ளி ஒரு கணக்கு

கணினி விளையாட்டிலோ அனிமேஷன் திரைப்படத்திலோ நீர்ப்பரப்பு மின்னுவதையும், நனைந்த கல்லின்மீது விளக்கொளி பரவி மங்குவதையும் கண்டு, இதனை நாமும் செய்துபார்க்க வேண்டுமென்ற ஆவலோடு ஷேடர் எனப்படும் சிறு நிரல்களைப் பயிலத் தொடங்குவோரில் சிலர், கணிதம் கடினம் என்று சொல்லி வெகு சீக்கிரத்தில் விலகிவிடுகின்றனர். ஆரம்பப் பயிற்சிக்கு வேண்டிய கணிதமோ, பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தையும் சைன் வளைவையும் அதிகம் தாண்டுவதில்லை. மெய்யான இடையூறு, இதுவரை பழகிய சிந்தனையின் திசையையே திருப்பிக்கொள்ள வேண்டியிருப்பதுதான் என்பது என் அபிப்பிராயம்.

சாதாரண நிரலில், இன்ன இடத்தில் இன்ன ஆரத்துடன் ஒரு வட்டம் வரைக என்று கட்டளையிடுகிறோம். படத்தின் வர்ணத்தைத் தீர்மானிக்கும் ஷேடரிலோ வரைபவர் என்று எவருமில்லை. மைதானத்தின் படிவரிசைகளில் அமர்ந்து, வண்ண அட்டைகளை உயர்த்திப் பெரியதொரு சித்திரத்தைத் தோற்றுவிக்கும் மாணவர்களைப்போல, ஒவ்வொரு பிக்சலும் தன் இருக்கையின் எண்ணை மட்டுமே அறிந்து, பக்கத்தில் இருப்பதன் நிறம் யாதென்று கேளாமல், அனைத்துக்கும் பொதுவான ஒரே குறிப்பைப் பின்பற்றித் தன் வர்ணத்தைத் தானே நிர்ணயிக்கிறது. ஆகவே வட்டம் வேண்டுகிறவர், மையத்திலிருந்து நான் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு பிக்சலும் கணக்கிட்டு, ஆரத்தினும் குறைந்தால் வெண்மை, மிகுந்தால் கருமை என விடை தருமாறு எழுத வேண்டும். 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20 லட்சத்துக்கும் அதிகமான பிக்சல்கள் உண்டு. விநாடிக்கு 60 முறை படம் மாறுமாயின் இக்கணக்கு 12 கோடி தடவைக்கு மேல் நிகழ்கிறது. ஒன்றின் விடைக்காக மற்றொன்று காத்திராத காரணத்தினாலேயே கிராபிக்ஸ் கார்டு இத்தனையையும் ஏககாலத்தில் பகிர்ந்து செய்ய முடிகிறது.

பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்து, எழுத்தின்றியே நிரல் அமைக்கும் முறையில் ஷேடரைத் தொடங்கியவர்கள், தாம் கற்பது குறுக்குவழி என்று கூச்சப்படுவதுண்டு; அது அவசியமேயில்லை. லூகாஸ்ஃபிலிமில் பணியாற்றிய ராபர்ட் குக், ஒரு பரப்பின் தோற்றத்தைச் சிறு செயல்கள் கிளைகளாகச் சேர்ந்த மரமாக அமைக்கலாம் என்று 1984இலேயே எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டு கென் பெர்லின், பளிங்கின் ரேகைகளையும் மேகத்தையும் கணிதத்தாலேயே பிறப்பிக்கும் இரைச்சல் சார்பை வெளியிட்டார். திரைப்படக் கூடங்களுக்குரியதாக இருந்த இவ்வித்தை, 2001இல் ஜீஃபோர்ஸ் 3 போன்ற கார்டுகள் வந்தபோதுதான் வீட்டுக் கணினிகளை எட்டத் தொடங்கிற்று. இன்று பிளெண்டர், யூனிட்டி ஆகிய மென்பொருள்களில் காணும் பெட்டிகளும் கம்பிகளும் குக்கின் மரத்துக்கு நெருங்கிய சொந்தமே. எனினும், ஒரே வரியில் எழுதிவிடக்கூடிய ஒரு பெருக்கலும் கூட்டலும் அங்கே இரண்டு பெட்டிகளையும் பல கம்பிகளையும் பிடித்துக்கொள்வதால், சூத்திரம் வளர வளரப் படமே சிக்கலாகிவிடும். அந்தக் கட்டத்தில் கையால் எழுதவும் பழகியிருப்பவர் பாக்கியசாலி.

அப்பழக்கத்துக்கு, பிரௌசரிலேயே நிரலையும் விளைவையும் அருகருகே காட்டும் ஷேடர்டாய் தளம் மிக உகந்தது. இனிகோ கீலெஸும் போல் ஜெரெமியாஸும் 2013இல் தொடங்கிய அத்தளத்தில் மலைகளும் கடல்களும் குவிந்துள்ளன. அவற்றைக் கண்டு மலைத்து நிற்காமல், ஆரம்பத்தில் கிடைமட்ட ஆயத்தொலைவைத் திரையின் அகலத்தால் வகுத்து அதையே சிவப்பின் அளவாகக் கொடுத்து, இடமிருந்து வலமாக நிறம் ஏறுவதைப் பார்ப்பதே முறை. பின்னர் வட்டம், அதன் விளிம்பு பல் பல்லாய்த் தெரியாதபடி வெண்மையைக் கருமைக்குள் மெல்லக் கலத்தல், நேரத்தின் சைனை ஆரத்தோடு கூட்டி வட்டத்தைச் சுருங்கி விரியச் செய்தல், ஆயத்தொலைவைப் பெருக்கி அதன் பின்னப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே வட்டத்தைத் திரை முழுதும் அடுக்குதல். இந்த நான்கும் கைவந்தவருக்கு, பிறர் எழுதியவை மெல்ல மெல்ல அர்த்தமாகும்.

பிழை நேரும்போது, இடைக்கணக்கின் எண்ணை அச்சிட்டுப் பார்க்கும் வசதி பெரும்பாலும் இங்கே கிட்டாது. ஐயத்துக்குரிய எண்ணையே வர்ணமாக்கித் திரையில் காண வேண்டும். திரை 0க்குக் கீழ்ப்பட்டதை எல்லாம் கருமையாகவும், 1க்கு மேற்பட்டதை முழு ஒளியாகவும் காட்டுமாதலால், −1 முதல் 1 வரை ஆடும் சைன் போன்ற மதிப்பை முதலில் பாதியாக்கி, அரையைக் கூட்டிக்கொண்டு பார்த்தால்தான் மறைந்திருந்த பாதியும் கண்ணுக்குப் புலப்படும்.