வெள்ளம் வருமுன்: மாநகராட்சியின் கம்ப்யூட்டரும் உங்கள் கம்ப்யூட்டரும்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, "வைரஸ் வந்தால் என்ன செய்வது?" என்பது. எங்கள் அஸ்தினாபுரத்தில் மட்டும் கூடவே இன்னொன்றும் கேட்பார்கள். "தண்ணீர் வந்தால் சிபியூவை எங்கே தூக்கி வைப்பது?" இது விளையாட்டுக் கேள்வி அல்ல. 2015ம் ஆண்டைப் பார்த்தவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 2ம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. விமான நிலையம் மூடப்பட்டது. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் வந்து சேர முடியாததால், 'தி இந்து' ஆங்கில நாளிதழ் 1878ல் தொடங்கப்பட்ட பிறகு முதல் முறையாக சென்னையில் அச்சாகவில்லை.

நான் அப்போது இன்ஜினியரிங் முதல் வருடம். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, இண்டர்நெட் இருந்தது, இரண்டு மொபைல் போன்கள் இருந்தன. கரண்ட் போன சில மணி நேரத்தில் எல்லாமே வெறும் பெட்டிகளாகிவிட்டன. அம்மா பரணில் இருந்து எடுத்த பழைய டிரான்சிஸ்டர் ரேடியோதான் கடைசி வரை வேலை செய்தது.

அதே நேரத்தில் கரண்ட் இருந்த ஊர்களில் உட்கார்ந்துகொண்டு பல தன்னார்வலர்கள் எங்களுக்காக வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. யாருக்குப் படகு வேண்டும், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்ற விவரங்களை கூகுள் ஸ்பிரெட்ஷீட்டில் சேர்த்தார்கள். ஓபன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தை வைத்து ஒரு வெப்சைட் தயாரானது. தண்ணீர் நிற்கும் தெருவின் மீது கிளிக் செய்தால் அது வேறு நிறத்துக்கு மாறும். மிகச் சில நாட்களில் 2500க்கும் மேற்பட்ட தெருக்களை மக்களே குறித்துவிட்டார்கள்.

அந்த மாதிரிப் பட்டியல் ஒன்றைப் பிற்பாடு பார்த்தபோது ஒரு விஷயம் என்னை உறுத்தியது. எங்கள் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் சிலர் 'எச்' போட்டு ஆரம்பித்திருந்தார்கள், சிலர் 'ஏ'வில் ஆரம்பித்திருந்தார்கள். தமிழில் 'அஸ்தினாபுரம்', 'ஹஸ்தினாபுரம்', 'அஸ்தினாபுரம் குரோம்பேட்டை' என்று மூன்று விதம். ஒரு ஸ்பெல்லிங்கைக் கொடுத்து சர்ச் செய்தால் மற்றவை வராது. நமக்கு ஒரே ஊர். கம்ப்யூட்டருக்கு அவை ஐந்து ஊர்கள்.

மாநகராட்சியின் திட்டம் எப்படி இருக்கும்?

பேரிடர் மேலாண்மைத் திட்டம் என்றதும் ஏதோ பெரிய ரகசிய ஆவணம் என்று நினைக்க வேண்டாம். அதன் பெரும்பகுதி பட்டியல்கள்தான். தாழ்வான தெருக்கள் எவை, மோட்டார் பம்புகள் எத்தனை, எந்த டெப்போவில் நிற்கின்றன, மரம் அறுக்கும் மெஷின் யாரிடம் இருக்கிறது, படகு எங்கிருந்து வரும், எந்தப் பள்ளிக்கூடம் நிவாரண முகாம், அந்தப் பள்ளியின் சாவி இரவு 2 மணிக்கு யார் கையில் இருக்கும், முகாமுக்குச் சமையல் எங்கே நடக்கும் என்பவை. சாப்ட்வேர் துறையில் இதை டேட்டாபேஸ் என்போம். கம்ப்யூட்டரில் இருந்தாலும் ரிஜிஸ்டர் நோட்டில் இருந்தாலும் டேட்டாபேஸ்தான்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, 2005ல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. நாட்டுக்குப் பிரதமர், மாநிலத்துக்கு முதலமைச்சர், மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைமையில் ஆணையங்கள் அமைக்க வேண்டும் என்றது. நகராட்சியும் மாநகராட்சியும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கருவிகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வெள்ளம் சூழக்கூடிய இடங்களாக நான்காயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கண்டறிந்து மிக அதிகம், அதிகம், மிதமானது, குறைவு என நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே கால்வாய்களைத் தூர் வாரி, பம்புகளை ஓட்டிப் பார்த்து, முகாம்களைச் சரிபார்த்துவிட வேண்டும். மழை வந்துவிட்டால், வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள மாநில அவசரகால செயல்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து மாவட்டம், மாநகராட்சி, மண்டலம், வார்டு என்று இறங்கும்.

காகிதத்தில் இது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2018ல் சட்டசபையில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை, 2015 வெள்ளத்தை மனிதர்களால் ஏற்பட்ட பேரிடர் என்றே குறிப்பிட்டது.

எங்கள் பகுதிக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். அஸ்தினாபுரத்துப் பக்கம் பெய்யும் மழை அடையாற்றுக்குப் போகாது. சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இந்தப் பக்கத்தில் ஏரிகள் தொடர்ச்சியாக இருக்கின்றன. ஒன்று நிரம்பி அடுத்ததில் இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர வேண்டும். 2015ல் இந்தப் பாதை பல்லாவரம் நகராட்சி, சிட்லபாக்கம் பேரூராட்சி, செம்பாக்கம் நகராட்சி என்று எல்லை மாறி மாறிப் போனது. தண்ணீருக்கு வார்டு எண் தெரியாது. ஆனால் பம்பு அனுப்புகிறவருக்கு வார்டு எண் வேண்டும். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள், ஐந்து மண்டலங்கள். ஏரிகளில் பாதியாவது இப்போது ஒரே அலுவலகத்தின் மேப்பில் வருகின்றன. என்னைக் கேட்டால், புதுப் பம்புகளைவிட இது பெரிய விஷயம்.

2025ல் திருத்தப்பட்ட சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாநகராட்சி உள்ள நகரங்களுக்குக் கமிஷனர் தலைமையில் தனி நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்கலாம். தேசிய, மாநில அளவில் பேரிடர் டேட்டாபேஸ் உருவாக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. டேட்டாபேஸ் என்ற சொல் சட்டத்திலேயே ஏறிவிட்டது பாருங்கள்.

போனில் அலறும் மெசேஜ்

2023ல் நம் மொபைல் போன்கள் திடீரென்று பெரிய சத்தத்துடன் அலறி, திரையில் ஒரு சோதனை மெசேஜ் வந்ததே, நினைவிருக்கிறதா? பலர் போனை ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயந்தார்கள். அது செல் பிராட்காஸ்ட் என்ற முறையின் சோதனை. சாதாரண எஸ்.எம்.எஸ். ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். ஒரு லட்சம் பேர் என்றால் ஒரு லட்சம் மெசேஜ். நெரிசலில் சில நாளைக்குத்தான் வந்து சேரும். செல் பிராட்காஸ்ட் ரேடியோ மாதிரி. டவர் ஒரு முறை ஒலிபரப்பினால் அந்த டவருக்குக் கீழே இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும். யாருடைய நம்பரும் தேவையில்லை.

உங்கள் போனில் செட்டிங்ஸ் பகுதிக்குப் போய் 'எமர்ஜென்சி அலர்ட்' என்று தேடிப் பாருங்கள். அது ஆன் நிலையில் இருக்க வேண்டும். சத்தம் பிடிக்கவில்லை என்று ஆஃப் செய்தவர்கள் மறுபடி ஆன் செய்துவிடுங்கள். தமிழக அரசு 2024ல் வெளியிட்ட 'டி.என். அலர்ட்', மத்திய அரசின் 'சாசெட்' ஆகிய இரண்டு ஆப்களையும் இலவசமாக இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.

நம்பர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புறநகரில் பலரும் 1913 என்ற எண்ணை சேவ் செய்து வைத்திருக்கிறார்கள். அது சென்னை மாநகராட்சியின் எண். நாம் இருப்பது வேறு மாநகராட்சி, வேறு மாவட்டம். மாநில அவசர மையம் 1070, மாவட்ட மையம் 1077. தாம்பரம் மாநகராட்சியின் புகார் எண்ணை அதன் வெப்சைட்டிலிருந்து எடுத்து, ஒரு பேப்பரில் பெரிய எழுத்தில் பிரிண்ட் செய்து பிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். பேப்பருக்கு சார்ஜ் தேவையில்லை.

இலங்கையில் பிறந்த சாப்ட்வேர்

2004 சுனாமி முடிந்த சில நாட்களில் இலங்கையின் சாப்ட்வேர் இன்ஜினியர்கள் சேர்ந்து ஒரு புரோகிராமை எழுதத் தொடங்கினார்கள். அதன் பெயர் 'சஹானா'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனவர்கள் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்தத் தொண்டு நிறுவனம் எங்கே வேலை செய்கிறது, யாருக்கு என்ன தேவை ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் பதிவு செய்வதுதான் அதன் வேலை. ஒரே முகாமுக்கு மூன்று லாரி போர்வை போய், பக்கத்து முகாமுக்கு ஒன்றும் போகாமல் இருப்பதை இது தடுக்கும். ஓப்பன் சோர்ஸ் என்பதால் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். 2005ல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது பயன்பட்டது. பிறகு நியூயார்க் நகர நிர்வாகமே புயல் முகாம்களுக்காக இதை எடுத்துக்கொண்டது. கொழும்பில் எழுதியதை நியூயார்க் பயன்படுத்தியது என்று படித்த அன்று, இந்தத் துறைக்கு வந்ததற்கு முதல் முறையாகப் பெருமைப்பட்டேன். மற்ற நாட்களில் பில்லிங் சாப்ட்வேர்தான் எழுதுகிறேன்.

உங்கள் தெருவுக்கு ஒரு எக்ஸெல் பைல்

இப்போது நம் வீட்டு விஷயம். மாநகராட்சிப் பட்டியலில் தெரு வரைதான் இருக்கும். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்பது தெருவில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். 2021ல் கொரோனா இரண்டாம் அலையின்போது எங்கள் தெருவில் அப்படி ஒரு பட்டியல் போட்டோம். எக்ஸெல்லில் டைப் செய்தவன் நான்.

2023 டிசம்பர் 3ம் தேதி இரவு மிக்ஜாம் புயல் மழை. மறுநாள் காலை கரண்ட் இல்லை, தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். பட்டியலைத் திறந்தேன். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருக்கும் ஒரு தாத்தா, முதல் மாடி என்று இருந்தது. மாடிதானே, கடைசியில் போகலாம் என்று மற்ற வீடுகளுக்குப் போனோம். இஸ்திரி போடும் அக்கா தண்ணீருக்குள் நடந்து வந்து, "தம்பி, அவங்க ஆறு மாசம் முன்னாடியே பின்னாடி வீட்டுக்கு, கீழ் போர்ஷனுக்குப் போயிட்டாங்களே!" என்றார். ஓடினோம். அறைக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. அவர்களுடைய இன்வெர்ட்டர் பேட்டரி தீரப் போகிற நேரம். நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி, இன்வெர்ட்டர் இருந்த ஒரு மாடி வீட்டுக்குக் கொண்டுபோனோம். தாத்தா இன்றும் நலமாக இருக்கிறார். எக்ஸெல் பைலில் பார்முலா, கலர் எல்லாம் போட்டிருந்த நான், எப்போது கடைசியாக விசாரித்தோம் என்று ஒரு காலம் போடவில்லை.

எனவே நீங்கள் போடும் பட்டியலில் கதவு எண், தளம், எத்தனை பேர், விசேஷ உதவி, போன் நம்பர் ஆகியவற்றுடன் 'சரிபார்த்த தேதி' என்ற காலம் கட்டாயம் இருக்கட்டும். அந்த செல்லில் கர்சரை வைத்து கண்ட்ரோல் கீயுடன் செமிகோலன் கீயை அழுத்தினால் இன்றைய தேதி தானாக வரும். செப்டம்பர் மாதம் இந்தக் காலத்தை சார்ட் செய்து, பழைய தேதி உள்ள வீடுகளுக்கு மட்டும் ஒரு நடை போய் வாருங்கள். தெருப் பெயரை ஒவ்வொரு முறையும் டைப் செய்யாதீர்கள். டேட்டா மெனுவில் 'டேட்டா வேலிடேஷன்' கிளிக் செய்து, 'அலோ' என்ற இடத்தில் 'லிஸ்ட்' தேர்ந்தெடுத்து, பெயர்களைக் கமா போட்டு ஒரே முறை கொடுத்துவிட்டால் பிறகு தேர்வு செய்தால் போதும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவச லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். அதில் இந்த வசதியின் பெயர் 'வேலிடிட்டி'.

இதில் மற்றவர்களின் நோய் விவரம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கேட்டு, சம்மதித்தவர்களை மட்டும் சேருங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பைலுக்குப் பாஸ்வேர்ட் கொடுங்கள். இரண்டு பிரிண்ட் எடுத்து, மாடியில் குடியிருக்கும் பொறுப்பான இருவரிடம் ஒப்படைக்கலாம்.

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, சர்டிபிகேட்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து பென் டிரைவில் ஒரு காப்பி, வெளியூர் உறவினர் வீட்டில் ஒரு காப்பி வைப்பதும் இந்த வேலையோடு முடிந்துவிடும். கூகுள் மேப்ஸில் உங்கள் பகுதியை ஆப்லைனில் டவுன்லோட் செய்து வைத்தால் இண்டர்நெட் இல்லாதபோதும் வரைபடம் திறக்கும். லேப்டாப் உள்ளவர்கள் மழைக்கு முன் முழு சார்ஜ் செய்து ஆஃப் செய்து வையுங்கள். தேவைப்படும்போது அதன் யுஎஸ்பி போர்ட்டில் இருந்து போனுக்கு சார்ஜ் ஏற்றலாம்.

சிபியூ கேள்விக்கு வருகிறேன். கன மழை அறிவிப்பு வந்த உடனே ஷட் டவுன் செய்து, எல்லா பிளக்குகளையும் கழற்றி, சிபியூவையும் மேஜைக்கு அடியில் இருக்கும் யு.பி.எஸ்ஸையும் பரணில் ஏற்றுங்கள். யு.பி.எஸ். தரையிலேயே இருப்பதால் அதில்தான் முதலில் தண்ணீர் புகும். எதிர்பாராமல் சிபியூ நனைந்துவிட்டால், ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகக்கூட ஆன் செய்யாதீர்கள். ஆன் செய்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகி, பிழைத்திருக்கக்கூடிய ஹார்ட் டிஸ்க்கும் போய்விடும். நனைந்தபடியே டேட்டா ரெக்கவரி தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.