அக்காரம் இல்லாத அடிசில்!



மார்கழி 27, கூடாரவல்லி அன்று எங்கள் ஸ்ரீரங்கத்தில் தெருவே நெய் மணக்கும். திருப்பாவையில் ஆண்டாள் பாடிய 27ஆம் பாசுரத்தில் பால் சோறும் நெய்யும் வருகிறதல்லவா, அதனால்தான் அன்றைக்கு வீட்டுக்கு வீடு அக்காரவடிசல். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் வெல்லம், கணக்குப் பார்க்காமல் நெய்! 'அக்காரம்' என்றால் சர்க்கரை, வெல்லம். 'அடிசில்' என்றால் சோறு. பெயரிலேயே சர்க்கரை இருந்தால் சர்க்கரை வியாதிக்காரர்கள் என்னதான் செய்வார்கள்?

என் மாமியாருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. இத்தனை வருஷமும் அடுப்பு முன்னால் நின்று கிளறியது அவர்தான். பந்தியில் உட்கார்ந்ததும் உறவுக்காரர் யாராவது, "உங்களுக்குத்தான் ஆகாதே" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டு, கரண்டியை அடுத்த இலைக்கு நகர்த்திவிடுவார்கள். அத்தை ஒன்றும் சொல்லாமல் மோர் சாதத்துக்குப் போய்விடுவார். மாத்திரையைவிட இதுதான் அவருக்குக் கசந்திருக்கும்.

இதற்கு ஒரு வழி சொன்னது திருச்சி பெல் டவுன்ஷிப்பில் இருக்கும் ஒரு வங்காளி அக்கா. அவர்கள் ஊர் 'பாயேஷ்' நம் பால் பாயசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் விசேஷத்திலும் பிறந்த நாளிலும் அது இல்லாமல் முடியாதாம். கோபிந்தபோக் என்று ஒரு வாசனை அரிசி. பொடிப்பொடியாக நம் சீரக சம்பா போல இருக்கும். 2017இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குளிர்காலத்தில் ஈச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் 'நோலன் குட்' வெல்லத்தைப் போடுவார்கள். நம் பனை வெல்லத்துக்கு உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த அக்கா வீட்டிலும் பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை. அதனால் வெல்லம் போடாமல், பாலைச் சுண்டக் காய்ச்சி, பேரீச்சம்பழம் மட்டும் சேர்த்துச் செய்கிறார். அதையே நான் நம் ஊர் கைப்பக்குவத்தில் செய்கிறேன்.

எட்டு சின்னக் கிண்ணத்துக்கு வேண்டியவை: பால் ஒரு லிட்டர், சீரக சம்பா அரிசி 50 கிராம், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 50 கிராம் (சின்னதாக ஆறு), நெய் ஒரு டீஸ்பூன், பிரிஞ்சி இலை ஒன்று, ஏலக்காய் நாலு, கடுகளவு பச்சைக் கற்பூரம்.

அரிசியைக் களைந்து, தண்ணீர் வடித்து, நெய்யைப் பிசறி வையுங்கள். அடி கனமான உருளியில் பாலும் பிரிஞ்சி இலையும் போட்டு, சிறு தீயில் முக்கால் பங்காகும் வரை காய்ச்சுங்கள். பிறகு அரிசியைப் போட்டு, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அரிசி குழைந்து, பால் இளஞ்சிவப்பாகிப் பாதியாகச் சுண்ட முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்படாதீர்கள். சுண்டின பாலுக்கே ஒரு தித்திப்பு உண்டு.

பேரீச்சம்பழத்தைக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்து மைய அரையுங்கள். அடுப்பை அணைத்து, சூடு நன்றாகத் தணிந்த பிறகுதான் விழுதைக் கலக்க வேண்டும். கொதிக்கிற பாலில் வெல்லமோ பழமோ போட்டால் திரிந்துவிடும். கடைசியில் ஏலமும் பச்சைக் கற்பூரமும் சேருங்கள். வாசனை தூக்கலாக இருந்தால் இனிப்புக் குறைவு நாக்குக்கே தெரியாது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை போடவில்லை என்பதால் இதில் சர்க்கரையே இல்லை என்று நினைக்கக் கூடாது. அரிசி மாவுச்சத்து, அது வயிற்றில் சர்க்கரையாகத்தான் மாறும். பாலிலும் இயற்கையாகச் சர்க்கரை உண்டு. பேரீச்சம்பழத்தில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு சின்னக் கிண்ணத்துக்குச் சுமார் 15 கிராம் மாவுச்சத்து வருகிறது. ஒரு சின்னக் கரண்டி சாதத்தில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. அதனால் கிண்ணம் எடுத்தால் இலையில் ஒரு கரண்டி சாதம் குறைய வேண்டும். இரண்டாம் கிண்ணம் கிடையாது!

"வெல்லமும் பனங்கற்கண்டும் ஒன்றும் செய்யாது" என்று சிலர் சொல்வதையும் நம்பாதீர்கள். அவையும் சர்க்கரையைப் போலத்தான் ஏற்றும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் அதிகம்.

நாங்கள் அத்தையின் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தோம். முதல் தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தோம். வழக்கமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அளவைத் தாண்டவில்லை. ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு விதம், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பெருமாளுக்கு வெல்லம் இல்லாமலா?" என்று கேட்பீர்கள். அவருக்கு வழக்கப்படி அக்காரவடிசல்தான். அதில் அத்தை விரல் நுனியளவு பிரசாதம் எடுத்துக்கொள்வார். பிறகு இந்தக் கிண்ணம். பந்தியில் எல்லாருக்கும் இதையே ஒரு கரண்டி பரிமாறிவிடுகிறேன். பத்தியச் சாப்பாடு என்று தனியாகத் தெரிந்தால்தானே மனசு சுருங்கும்?

போன கூடாரவல்லிக்கு அத்தை ருசி பார்த்துவிட்டு, "ஏலக்காய் இன்னும் ஒண்ணு போட்டிருக்கலாம்டி" என்றார். பந்தியில் அவர் குறை சொல்லிக் கேட்டு எத்தனை வருஷமாச்சு!

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பண்டிகை நாளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எழுதுங்களேன், நானும் செய்து பார்க்கிறேன்.

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்