ஒலிநாடாவில் பிழைத்த கச்சேரிகள்

பழனியின் பெயரை மிருதங்க உலகில் நிலைநிறுத்தியவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இடக்கை வாசிப்புக்காரர். அவருடைய தனி ஆவர்த்தனத்தை இன்றும் கேட்க முடிகிறதென்றால், ரசிகர்கள் பத்திரப்படுத்திய கச்சேரிப் பதிவுகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சம்தான் அடங்கும். பாடகர் மதுரை மணி ஐயர் கற்பனை ஸ்வரத்தில் இறங்கினால் அது எப்படிப் போதும்? ஆகவே ஸ்பூல் ரெக்கார்டர் சுழன்றது. வானொலிக் கச்சேரிகளும் வீடுகளில் பதிவாயின. பிறகு கேசட்டுக்குக் கேசட் பிரதி.

பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும். டேப் வேகம் பிசகினால் சுருதியே ஏறும், இறங்கும். அதனால்தான் ஒரே கச்சேரியின் இரண்டு பிரதிகளை ரசிகர்கள் ஒப்பிடுகிறார்கள். எது மூலத்துக்கு நெருக்கம்? எதில் தனி வெட்டுப்படவில்லை? உறையில் பெயர் இல்லையென்றால், வில்லின் போக்கையும் மிருதங்கச் சொல்லையும் வைத்தே பக்கவாத்தியக்காரரைச் சொல்லும் காதுகள் உண்டு. சம்பளமில்லாத இந்த உழைப்பு ஆய்வுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

இப்படிப்பட்ட ரசிகர்கள் இங்கு மட்டுமல்ல: அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் ராக் குழு, பதிவு செய்யும் ரசிகர்களுக்கென 1984-ல் அரங்கில் தனி இடமே ஒதுக்கியது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஸ்பூல் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஈரத்தில் பூஞ்சை பிடிக்குமுன் டிஜிட்டலாக மாற்றுங்கள். உறையில் எழுதிய தேதியையும் இடத்தையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள்.