எழுத்தில் நின்று ஒலியில் மறைவன
ஆங்கிலத்திற் புகுந்த கிரேக்கச் சொற்கள்

வன்னிநாட்டில், முல்லைத்தீவுக்கு அண்மையில், நந்திக்கடலின் மருங்கில் அமைந்த வற்றாப்பளை, கண்ணகை அம்மன் கோயிலாற் பெயர்பெற்ற ஊராகும். மதுரையை எரித்தபின் ஈழம் போந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் இதுவென்றும், 'பத்தாம்பளை' என்ற பெயரே நாளடைவில் 'வற்றாப்பளை' ஆயிற்றென்றும் ஊரவர் கூறுவர். ஒரு பெயரைப் பிரித்துப் பார்த்தால் அதனுள்ளே ஒரு கதை இருக்கும் என்பதை இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எவரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும், இதே பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்றுப் பல்கலைக்கழகம் புகும்போது, நீண்ட ஆங்கிலக் கலைச்சொற்களைக் கண்டு மலைக்கின்றனர். எழுதியபடி வாசித்தாற் பக்கத்திலிருப்போர் நகைப்பர் என்று அஞ்சி, வாய் திறவாமல் இருந்துவிடுவோர் பலர். கேட்க வேண்டிய ஐயத்தைக் கேளாத மாணவன் இழப்பது ஒரு சொல்லையன்று. அன்றைய பாடத்தையே இழக்கிறான். அச்சம் தரும் இச்சொற்களிற் பெரும்பாலானவை கிரேக்க வேர்களிலிருந்து பிறந்தவை. அவற்றின் ஒலிக்கும் பொருளுக்கும் ஒழுங்கு உண்டு. அதனை அறிந்தால் அச்சம் நீங்கும்.

முதலெழுத்தின் மௌனம்

தமிழில் மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது. அதனாலன்றோ நம் பாட்டன்மார் 'ஸ்கூல்' என்பதற்கு முன்னே இகரம் சேர்த்து 'இஸ்கூல்' என்றனர்! ஆங்கிலேயருக்கும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. 'ப்ஸ', 'ப்ட', 'ம்ந' எனச் சொல்லைத் தொடங்குவது கிரேக்கருக்கு இயல்பு. ஆங்கில நாவுக்கு அது வராது. ஆகவே ஆங்கிலேயர் முதலெழுத்தை ஏட்டில் வைத்துக்கொண்டு பேச்சிற் கைவிட்டனர்.

உளவியலைக் குறிக்கும் சொல்லை எழுத்தைப் பார்த்து 'பிசைக்கொலொஜி' என்பது பிழை. 'சைக்கொலொஜி' என்பதே முறை. சைக்கே என்றால் உயிர், உள்ளம். லோகொஸ் என்றாற் சொல், ஆராய்ச்சி. பண்டைக்காலப் பறக்கும் ஊர்வனவாகிய 'டெரொடக்டில்' என்பதற்கும் முன்னே ஓசையற்ற ஒரு பகரம் நிற்கிறது. ப்டெரொன் என்றாற் சிறகு. டக்டிலொஸ் என்றால் விரல். அவ்விலங்கின் சிறகு, நீண்ட ஒரு விரலைப் பற்றியே விரிந்திருந்தது.

இனி, எல்லோரும் அறிந்த ஹெலிகொப்டரை நோக்குக. இதனை ஹெலி, கொப்டர் எனப் பிரிப்பது வழக்கமாயினும், அது பிழை. ஹெலிகோ என்பது சுழல். எஞ்சிய ப்டெர் என்பது மேற்கண்ட சிறகே. அங்கே மறைந்த பகரம் இங்கே ஒலிப்பது ஏன்? முன்னே உயிரொலி வந்து தாங்குவதால் என்க. நினைவுக்கு உதவும் குறிப்பு 'நெமொனிக்'. அங்கே மகரம் மௌனம். நினைவிழத்தல் 'அம்னீசியா'; இங்கே மகரம் ஒலிக்கும். முன்னே நிற்கும் அகரம் இன்மையைக் காட்டுவது. நாம் வழங்கும் 'அநீதி', 'அசுத்தம்' என்பவற்றின் அகரத்துக்கு அது இனம்.

கெமிஸ்தமும் அங்காதிபாதமும்

ஆங்கிலத்திற் 'சீ, எச்' என இணைந்து வரும் எழுத்துகள், கிரேக்கச் சொல்லிற் பெரும்பாலும் ககரமாகவே ஒலிக்கும். குழப்பத்தைக் குறிப்பது 'சாவோஸ்' அன்று, 'கேயொஸ்'. தீராத நோயைக் குறிக்கும் அடைமொழி 'குறொனிக்'. இதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று உண்டு. 1847இல் இலங்கை வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1875இல் வெளிவந்த இரசாயன நூலுக்கு அமைந்த பெயர் 'கெமிஸ்தம்'. அந்தக் ககரம் சரியான ககரம்.

அவர் உடற்கூற்று நூலுக்கு இட்ட பெயரோ 'மனுஷ அங்காதிபாதம்' (1872). ஆங்கிலத்தில் அது 'அனற்றமி'. இதிலுள்ள டொமே என்ற வேர் வெட்டுதலைக் குறிக்கும். உடலை வெட்டி ஆராய்வதாற் பெற்ற பெயர் அது. வெட்ட முடியாதது என்ற கருத்தில் 'அற்றம்' எனும் அணு பிறந்தது. வெட்டிச் சுருக்கிய சாரம் 'இபிற்றமி'. இதனை 'எபிடோம்' என வாசித்து இடறுவோர் பலர். கிரேக்கத்தில் ஈற்று எகரம் ஒலிப்பதாதலின், ஆங்கிலத்திலும் அது இகரமாய் ஒலிக்கிறது. உயர்வு நவிற்சியாகிய 'ஹைபேர்பொலி', பேரழிவாகிய 'கற்றஸ்ட்ரொஃபி' ஆகியவையும் அவ்வாறே. இங்கு வரும் றகரத்தை 'வற்றா' என்பதில் ஊரவர் ஒலிப்பதுபோல ஒலித்தாற் போதும். ஆங்கில ஒலி தானே வந்துவிடும்.

நந்திக்கடற்கரையில்

உப்புநீரும் நன்னீரும் கலக்கும் நந்திக்கடலும் ஒரு பாடசாலையே. ஹல்ஸ் என்றால் உப்பு. ஃபைற்றொன் என்றாற் செடி. உவர்நிலத்தில் வளரும் செடி 'ஹலொஃபைட்' ஆயிற்று. மாரியில் உப்புக் குறைந்தும் கோடையில் மிகுந்தும் வரும் நீரைத் தாங்கி வாழும் உயிரினம் 'யூரிஹேலைன்' எனப்படும். யூரிஸ் என்றால் அகன்றது. களப்புநீரில் வளரும் இறாலுக்கு இச்சொல் பொருந்தும். ஒரு வேரை அறிந்தவனுக்கு இரண்டு சொற்கள் கிடைத்துவிட்டன.

இறுதியாக ஒரு சொல். 1688இல், பாசல் நகரில் மருத்துவம் பயின்ற யொஹானஸ் ஹோஃபர் என்ற மாணவர், பிறந்த நாட்டைப் பிரிந்தோர் ஏங்கி மெலிவதை ஒரு நோயாகக் கண்டு, அதற்குப் பெயர் தேடினார். நொஸ்டொஸ் என்றால் வீடு திரும்புதல். அல்கொஸ் என்றால் வலி. இரண்டையும் சேர்த்து 'நொஸ்டல்ஜியா' என்றார். இன்று பழையதை நினைத்து மகிழ்வதற்கும் அதனை வழங்குகின்றனர். ஆனால் 2009 மே மாதத்தில் நந்திக்கடற்கரையிற் போர் முடிந்தபோது ஊரிழந்து முகாம்களில் இருந்தோர்க்கு, அதன் முதற்பொருளை அகராதி பார்த்து விளக்கவேண்டுமோ? வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரெடுத்து விளக்கேற்றும் கோயிலை நினைந்து, தூரத்தேயிருந்து கலங்கியோர் அச்சொல்லைக் கேளாமலே அதன் பொருளை அறிந்திருந்தனர்.

மாணவர்கள் ஒரு சிறு குறிப்பேட்டில், சொல், வேர், ஒலி என மூன்று நிரல் இட்டு, நாளுக்கு ஒரு சொல்லாக எழுதி வருவார்களாக. எழுதியதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். வீட்டிற் பெரியோர் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நன்று. 'ஹெலிகொப்டர்' என்பதில் ஒரு சிறகு மறைந்திருக்கும் செய்தி அவர்களுக்கும் புதிதாகவே இருக்கும்.