பாட்டுப் படம் எடுக்கும் பிள்ளைகள்: பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்!



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாள்கள் உங்களுக்கு நினைவிருக்கும். பொழுது சாயுமுன்பே பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடி, முன்வரிசையில் இடம் பிடித்து, கதாநாயகன் பாடத் தொடங்கியதும் வாய் பிளந்து பார்த்திருப்போம். "அந்தப் பாட்டை அவரா பாடுறார்? வேற ஆள் பாடினதுக்கு இவர் வாயசைக்கிறார்!" என்று யாரோ ஓர் அண்ணன் சொன்னபோது எத்தனை ஏமாற்றம்!

அந்த வித்தையை இன்று உங்கள் வீட்டுப் பிள்ளையே செய்ய வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மாணவர்களைப் பாட்டுக் காணொளி தயாரிக்கச் சொல்கிறார்கள். பாட்டை எழுதி, பாடிப் பதிந்து, படம் எடுத்து, வெட்டி ஒட்டி 3 நிமிடப் படமாகக் கொடுக்க வேண்டும். "அம்மா, உங்க கைத்தொலைபேசியைக் கொடுங்க" என்று பிள்ளை வந்து நிற்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் சத்தம் போடுகிறோம்.

என் அண்ணன் வீட்டிலும் அதுதான் நடந்தது. அண்ணன் மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். அவளும் அவள் வகுப்புத் தோழர்கள் மூவரும் சேர்ந்து இப்படி ஒரு படம் எடுக்கப் புறப்பட்டார்கள். "போனைத் தூக்கிக்கிட்டு ஆடுறதுக்கா பள்ளிக்கூடம் அனுப்புறோம்? அடுத்த வருஷம் எஸ்.பி.எம். இருக்கு!" என்று அண்ணி ஒரே பிடியாக நின்றார். "அத்தை, நீங்களாவது சொல்லுங்க" என்று அவள் என்னிடம் வந்தாள். அப்படித்தான் நானும் இந்தத் தொழிலைக் கூட இருந்து பார்த்தேன். பார்த்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பாட்டு, பிறகு படம்

பாட்டை முன்னதாகப் பதிந்துகொண்டு, அதை ஒலிக்கவிட்டு நடிகரை வாயசைக்கச் செய்யும் முறை தமிழ்ப் படங்களில் 1938-ல் வந்த 'நந்தகுமார்' படத்தில் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1981 ஆகஸ்டு 1-ல் அமெரிக்காவில் எம்.டிவி என்ற தொலைக்காட்சி நிலையம் பாட்டுப் படங்களையே இரவும் பகலும் காட்டத் தொடங்கியது. 2006-ல் நம் நாட்டு யோகி பி, நட்சத்ரா குழுவினர் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு கடல் கடந்து தமிழகத்திலும் ஒலித்தது. காலமும் கருவியும் மாறினாலும் முறை ஒன்றுதான். பாட்டு முடிந்த பிறகே படம்.

நம் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட பொருள் அவர்களின் பாட்டியைப் பற்றியது. அதாவது என் தாயார். முப்பது வருடங்களுக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்த கதையைப் பேத்தி பாட்டாக எழுதினாள். கோயிலில் உறுமி அடிக்கும் பையன் தாளம் போட்டான். அலமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே கைத்தொலைபேசியை வைத்துப் பாடிப் பதிந்தார்கள். துணி எதிரொலியை விழுங்கிவிடுமாம். கேட்டுப் பார்த்தேன், உண்மைதான்!

அவசரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மிஞ்சியிருந்த கடைசிப் பால்மரக் காட்டைச் சாய்த்துச் செம்பனை நடப்போவதாகப் பேச்சு. காடு போய்விட்டால் பாட்டுக்கு ஏது படம்?

தாளில் போடும் கணக்கு

முதல் வாரம் அவர்கள் கேமராவைத் தொடவே இல்லை. ஒரு கணக்குப் புத்தகத்தில் நான்கு கட்டம் போட்டார்கள். பாட்டின் வரி, அது ஒலிக்கும் வினாடி, திரையில் தெரிய வேண்டியது, எங்கே எப்போது எடுப்பது. பாட்டு 3 நிமிடம், அதாவது 180 வினாடி. ஒரு காட்சிக்கு 4 வினாடி என்றால் 45 காட்சிகள் வேண்டும். "அடேயப்பா, இவ்வளவா?" என்று பிள்ளைகளே மலைத்துப் போனார்கள். கணக்குப் போடாமல் காட்டுக்குப் போயிருந்தால் பத்துக் காட்சியோடு திரும்பி வந்து விழித்திருப்பார்கள்.

தாளத்துக்கும் கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 120 தட்டு விழும் பாட்டில் ஒரு தட்டு அரை வினாடி, நான்கு தட்டு 2 வினாடி. காட்சி மாறுவது தட்டு விழும் இடத்தில் அமைந்தால் கண்ணுக்கும் காதுக்கும் இதமாக இருக்கும்.

ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் படம் வரைந்தார்கள். தீக்குச்சி மனிதர்கள்தான். ஆள் தூரத்தில் நிற்கிறாரா, இடுப்பு வரை தெரிகிறாரா, முகம் மட்டுமா என்று தெரிந்தால் போதும். ஓவியம் வராத பிள்ளைக்கும் இது வரும்.

கடைசி வேலை, அனுமதி. தோட்ட நிர்வாகத்திடம் சொல்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது. பூச்சிமருந்து அடிக்கும் நாள், லோரி ஓடும் பாதை, பாம்பு புழங்கும் இடம் எல்லாம் பெரியவர்களுக்குத்தான் தெரியும். அண்ணன் கூடப் போவது என்று முடிவானதும் அண்ணியின் கோபம் பாதி தணிந்தது.

படம் எடுக்கும் நாள்

விலையுயர்ந்த கேமரா இல்லையே என்று ஏங்க வேண்டாம். அவர்களிடம் இருந்தவை இரண்டு சாதாரணக் கைத்தொலைபேசிகள். ஒன்று படம் எடுக்க, மற்றொன்று பாட்டை ஒலிக்க. தாங்கிக் கால் இல்லாத இடத்தில் இரண்டு செங்கல்லும் ஒரு பால்மங்கும் கேமராவைத் தாங்கின. நான் கண்டு குறித்துக்கொண்டவை இவை:

1. கண்ணாடியைத் துடையுங்கள். எண்ணெய்க் கை பட்ட கேமராவில் உலகமே பனிமூட்டம்தான்.

2. கைத்தொலைபேசியைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். விமான நிலையில் போட்டுவிடுங்கள். நடுப் பாட்டில் யாராவது அழைத்துக் கெடுக்க மாட்டார்கள்.

3. பாடுபவர் வாயை மட்டும் அசைக்காமல் குரலெடுத்தே பாட வேண்டும். அப்போதுதான் தொண்டையும் மூச்சும் உண்மையாகத் தெரியும். அந்தச் சத்தம் படத்தில் வராது, வெட்கம் வேண்டாம்.

4. பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஓட்டமாக மூன்று முறை எடுங்கள். தூரத்தில் ஒன்று, நடுவாக ஒன்று, அருகில் ஒன்று. ஒவ்வொரு முறையும் பாட்டு தொடங்குமுன் ஒரு கைத்தட்டல். பிறகு எல்லாவற்றையும் பொருத்த அந்தத் தட்டல்தான் அடையாளம்.

5. வெளிச்சம் இலவசம். நம் ஊரில் 7 மணியை ஒட்டிச் சூரியன் எழும். அடுத்த ஒரு மணி நேரம் மரத்தின் பட்டைகூட அழகாகத் தெரியும். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும்.

6. முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல கைத்தொலைபேசிகளில் தெளிவும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். நடுவில் படம் இருண்டு வெளுக்காது.

வீட்டுக்குள் எடுத்தபோது ஒரு விந்தை. குழல்விளக்கின் கீழே படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன. பிள்ளைகள் கருவி கெட்டுவிட்டதோ என்று பயந்தார்கள். கெடவில்லை. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதனால் பழைய குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். வினாடிக்கு 25 படம் என்று வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் சரியாக 4 துடிப்பு அமையும். 30 என்றால் கணக்கு ஒட்டாது. கைத்தொலைபேசியில் 25 இல்லாவிட்டால் சன்னலோரம் போய் எடுங்கள்.

இன்னொரு வேடிக்கை. பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு அதே வேகத்தில் பாடி, வினாடிக்கு 60 படமாக எடுத்துப் பிறகு பாதி வேகத்தில் ஓட்டினார்கள். உதடு பாட்டோடு சரியாகப் பொருந்துகிறது, கூந்தலும் காற்றும் மட்டும் மெல்ல மிதக்கின்றன! சினிமாக்காரர்கள் செய்வது இதைத்தான்.

துன்பமும் வந்தது. முதல் நாள் எடுத்தவை ஒரு பையனின் கைத்தொலைபேசியில் இருந்தன. இடம் போதவில்லை என்று எதையோ அழிக்கப் போய், காட்டில் எடுத்த பாதியை அழித்துவிட்டான். பிள்ளைகள் அழுதே விட்டார்கள். நல்லவேளை, மரங்கள் இன்னும் நின்றிருந்தன. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனார்கள். மரம் சாய்ந்த பிறகு இது நடந்திருந்தால்? எடுத்த அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்.

வெட்டி ஒட்டும் வேலை

கைத்தொலைபேசியில் கேப்கட் போன்ற செயலிகளும், கணினி இருந்தால் டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளும் காசில்லாமலே கிடைக்கின்றன. சில வசதிகளுக்கு மட்டும் பணம் கேட்பார்கள். அவை இல்லாமலே முடிக்கலாம்.

முதலில் பாட்டைத் தரையாக விரிக்க வேண்டும். அதன்மேல் மூன்று ஓட்டங்களையும் அடுக்கி, கைத்தட்டலின் ஒலிமேடு ஒன்றுக்கொன்று நேராக வரும்படி நகர்த்த வேண்டும். பொருந்தியதும் கேமராவில் பதிந்த சத்தத்தை அடைத்துவிடலாம். பிறகு எந்த வரிக்குத் தூரம், எந்த வரிக்கு முகம் என்று தாளில் எழுதியபடி வெட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். நட்சத்திரம் பறப்பது, படம் சுழல்வது போன்ற வித்தைகளைப் பிள்ளைகள் முதலில் வாரி இறைத்தார்கள். இரண்டு முறை பார்த்ததும் அவர்களுக்கே தலை சுற்றியது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

பாட்டி கண்ட பிழை

வேலை முடிந்ததென்று என் தாயாருக்குப் போட்டுக் காட்டினார்கள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பேத்தி உளியோடு மரத்தடியில் நின்று பாடும் காட்சி வந்தது. உடனே கையை உயர்த்தினார்.

"நிறுத்துடி. இது எந்த ஊரு மரம்? கோடு மாறிக் கெடக்கு. இடப்பக்கம் ஒசந்து வலப்பக்கம் எறங்கணும். நம்ம தீம்பாருல ஒருத்தரும் இப்படி வெட்டினதில்ல."

பிள்ளைகள் திகைத்தார்கள். மரம் அதே மரம், கோடு அதே கோடு. எப்படி மாறும்? பிறகுதான் தெரிந்தது. அந்தக் காட்சியை, தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம் என்று முன்பக்கக் கேமராவில் எடுத்திருக்கிறார்கள். சில கைத்தொலைபேசிகள் முன்பக்கப் படத்தை நிலைக்கண்ணாடியில் தெரிவதைப் போல இடம் வலம் மாற்றிப் பதிந்துவிடுகின்றன. செயலியில் அதைத் திருப்பிப் போட ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு நொடியில் மரம் சரியாகிவிட்டது.

கோடு ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று பேத்தி கேட்டாள். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன. இடம் உயர்ந்து வலம் தாழ்ந்த வெட்டுக்கு அதிகக் குழாய்கள் அறுபடும், பாலும் கூடும். "எங்களுக்குக் காரணமெல்லாம் யாரும் சொல்லலடி. மாத்தி வெட்டினா மண்டோரு திட்டுவாரு, அவ்வளவுதான்" என்று சிரித்தார் என் தாயார்.

எண்ணிப் பாருங்கள். அவர் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தப் படம் அப்படியே போயிருக்கும். பள்ளியில் கைதட்டியிருப்பார்கள். மரம் சீவிய கைகள் மட்டும் தங்களுக்குள் சிரித்திருக்கும். கருவிக்கு எடுக்கத் தெரியும், வெட்டத் தெரியும். எது சரி என்று அதற்குத் தெரியாது. அது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் தெரியும்.

பெற்றோர் கவனிக்க

சினிமாப் பாட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் நினைப்பதுண்டு. நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. சொந்தப் பாட்டென்றால் அந்தத் தொல்லையும் இல்லை, பெருமையும் கூட.

படத்தில் முகம் தெரியும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் சம்மதம் கேளுங்கள். பெயர் அட்டை, வீட்டு எண், பேருந்து எண் படத்தில் விழாமல் பாருங்கள். ஊருக்குப் பொதுவாக வெளியிடுவதா, பள்ளிக்கு மட்டும் காட்டுவதா என்பதைப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். ஒருமுறை வெளியே போன படத்தைத் திரும்ப அழைப்பது கடினம்.

படம் பள்ளிக்குப் போய் ஆறு வாரம் கழித்து அந்தக் காட்டை வெட்டிச் சாய்த்தார்கள். இன்று அங்கே செம்பனங்கன்றுகள் நிற்கின்றன. என் தாயார் சாயங்காலங்களில் பேத்தியைக் கூப்பிட்டு, "அந்தப் பாட்டைப் போடுடி" என்கிறார். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், பெற்றோர்களே. அடுத்த முறை பிள்ளை கைத்தொலைபேசி கேட்டு வந்து நின்றால், "எதுக்கு?" என்று அதட்டாமல், "என்ன பாட்டு? தாளில் எழுதிட்டியா?" என்று கேளுங்கள். எழுதவில்லை என்றால் எழுதிவரச் சொல்லுங்கள். எழுதி வந்தால் பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்று அவர்களிடம் நிச்சயம் இருக்கும்.